கினுயே போகாத வாய்க்கால்

நகராட்சி வேளாண் பிரிவில் நான் சேர்ந்த முதல் பனிக்காலத்தில், ரப்பர் காலணியில் ஒட்டிய பனி தரையில் உருக, ஒரு பெண் என் மேசை முன் வந்து நின்றார். பெயர் கினுயே ஹரிகாயா. மாமனார் இறந்துவிட்டார், வயலைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார்.

"உங்க வீட்டுக்காரர்?"

"போய் இருபது வருஷமாச்சு. பிள்ளையும் இல்ல. முப்பத்தோரு வருஷமா நடுறது நான்தான், தம்பி."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், சட்டம் தெரியும். மருமகள் வாரிசு அல்ல, உழைப்புக்கு ஈடாகப் பணம் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம், நிலத்தைக் கேட்க முடியாது என்று தெளிவாகச் சொன்னேன். அந்தத் தெளிவு இன்றும் எனக்குக் கூசுகிறது.

மாமனார் அவரை மகளாகத் தத்தெடுத்திருந்தால் போதும்; வளர்ந்தவரையும் தத்தெடுக்க எங்கள் சட்டம் இடம் தருகிறது. ஒரே ஒரு தாள், அதில் கையெழுத்துக்குப் பதிலாக இரண்டு முத்திரை. அவரோ, "நீ வந்த அன்னைக்கே இந்த வீட்டுப் பொண்ணு, அதுக்கு எதுக்குக் காகிதம்?" என்று சிரித்திருக்கிறார். கினுயேவும் நம்பிவிட்டார். எங்கள் ஊர்களில் எல்லாரும் செய்கிற தவறு அது. விலை கொடுப்பது மட்டும் மருமகள்கள்.

மாமனாரின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்குக் கொழுந்தன் மசாயுகி, தலைநகருக்குப் பக்கத்திலுள்ள சைதாமாவிலிருந்து வந்தான். கையில், வயலைத் தன் பெயருக்கு மாற்றிய பத்திரம்.

"எங்க முத்திரை வைக்கணும்?" என்று கேட்டார் கினுயே.

"உங்க முத்திரை தேவையில்ல அண்ணி. நீங்க பாட்டுக்கு நட்டுக்கிட்டு இருங்க, யாரு வேண்டாங்கறா?"

வந்திருந்த ஊர்க்காரர்கள் குனிந்து சோற்றைப் பார்த்தார்கள். "வீட்டு விஷயம், நாங்க தலையிட முடியாது" என்றார் ஊர்த் தலைவர்.

சித்திரையில் வாய்க்கால் தூர் வாரும் நாள். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். அலுவலகம் சார்பில் நானும் போயிருந்தேன். "ஹரிகாயா வீடு!" என்று தலைவர் கூப்பிட்டார். கினுயே பாலத்தின் மேல் கைகட்டி நின்றார்.

"இறங்கி வாம்மா."

"சொந்தக்காரர் சைதாமாவுல இருக்காரு, அவரக் கூப்பிடுங்க."

"ஒன்ன நம்பித்தானே எல்லாரும் இருக்கோம்!"

"அன்னைக்குச் சாப்பிட்டப்ப வாயில சோறு இருந்துச்சு. இப்ப வாய் தொறக்குதா?"

ஹரிகாயா வீட்டுப் பங்கு தூர் வாரப்படவில்லை. கீழ் வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. போன் மேல் போன் போய், வைகாசியில் மசாயுகி ஓடி வந்தான். கினுயே நாற்றுத் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அது எங்க வீட்டு நாத்து!"

"வெத நெல்ல ஊற வச்சது யாரு? ராவும் பகலும் நாத்துக் கூடாரத்த மூடித் தொறந்தது யாரு? மண்ணு ஒன்னுது, வச்சுக்க. நாத்து எங்கூட வரும்."

"அண்ணி, ஊரே என்னத் திட்டுது. பழையபடியே இருங்களேன்."

"பழையபடின்னா? பேரில்லாமலா?"

வண்டி கிளம்பிவிட்டது.

பக்கத்து ஊரில் ஆளில்லாமல் கிடந்த மூன்று வயல்களின் குத்தகைத் தாளைக் கினுயே பெயருக்கு நான்தான் எழுதினேன். முத்திரையை அழுத்தி, மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கினுயேவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. அந்த மூன்று வயல்களிலும் அவரே நடுகிறார். அந்த ஊர் வாய்க்கால் பட்டியலில் அவர் பெயரே இருக்கிறது. ஹரிகாயா வயலில் இடுப்பளவு புல் நிற்கிறது.