டாக்டர் சித்ரலேகாவின் நெற்றி

திருநெல்வேலி டவுணில் டாக்டர் சித்ரலேகாவை ‘ரஷ்யா டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். சோவியத் அரசின் உதவித்தொகையில் தாஷ்கண்டில் படித்து, எண்பத்தொன்பதில் ஊர் திரும்பியவர். சைவக் குடும்பம். ஆனால் கடவுள் நம்பிக்கை பள்ளிக்கூட நாளிலேயே அவரை விட்டுப் போயிருந்தது. விபூதி பூசுவதில்லை. அதற்காகச் சண்டை போட்டு ஓய்ந்திருந்தார் தாயார் பிரம்மநாயகி.

தாஷ்கண்ட் விடுதியில் அவருடைய அறைத்தோழி குல்நாரா. கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பில் இருந்த உஸ்பெக் பெண். அப்பா இறந்தபோது ஊருக்குப் போய், மதகுருவை அழைத்துத் தொழுகை நடத்தி அடக்கம் செய்துவிட்டு வந்தாள். யாரோ மேலே சொல்லிவிட்டார்கள். நாத்திக அரசின் செலவில் படிப்பவள் இப்படிச் செய்யலாமா என்று கூட்டம் போட்டு விசாரித்தார்கள். “அப்பாவை அடக்கம் பண்ணியிருக்கிறாள். இதில் என்ன குற்றம்?” என்று சித்ரலேகா எழுந்து கேட்டார். உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. குல்நாராவைக் கல்லூரியை விட்டே நீக்கினார்கள். ரயிலடி வரை அவளோடு போனவர் சித்ரலேகா மட்டும்தான்.

சோவியத் உடைந்த மறு வருஷம், தொண்ணூற்றிரண்டில், ஜவுளிக்கடை சிவசைலம் அவருடைய கிளினிக்குக்கு வந்தார். கிளினிக் இருந்ததே சிவசைலத்தின் கட்டடத்தில். கோயில் பக்தர்களின் ரத வீதி அன்பர் சபைக்கும் அவர்தான் தலைவர்.

“டாக்டரம்மா, அங்க சாமி கும்பிட்டவங்கள என்ன பாடு படுத்துனானுவன்னு நீங்க நேர்ல பாத்திருக்கிய. நம்ம கூட்டத்துல வந்து பேசணும்.”

சித்ரலேகா சம்மதித்தார். செய்தி கேட்டுக் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கத்து முத்துமாலை ஓடி வந்தார். “தோழர், ஆட்சியே போயிட்டு. இப்பம் போயி அவங்க மேடையில இதச் சொல்லணுமா?”

“உங்க மேடையில கேட்டிருந்தா அங்கனயே சொல்லியிருப்பேன் அண்ணாச்சி. நீங்க ஒருநாளும் கேக்கலையே.”

கல்யாண மண்டபம் நிரம்பியிருந்தது. தாஷ்கண்டில் கிடங்காக மாறிய ஒரு பள்ளிவாசலையும், குல்நாராவையும் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னார். பலத்த கைதட்டல். அது அடங்குவதற்குள் சிவசைலம் விபூதித் தட்டோடு மேடையேறினார்.

“இனிமேலாவது பூசிக்கிடுங்கம்மா. எல்லாரும் பாக்கட்டும்.” விரல் நெற்றிக்கு வந்தது. சித்ரலேகா முகத்தை விலக்கிக்கொண்டார்.

“எனக்கு நம்பிக்கை கிடையாது, அண்ணாச்சி.”

“அப்பம் எதுக்கு வந்து பேசுனிய?”

“குல்நாராவுக்காகப் பேசுனேன். அங்கன அவகிட்ட ஏன் கும்பிட்டன்னு கேட்டாங்க. இங்கன என்கிட்ட ஏன் கும்பிடலன்னு கேக்கிய. அவளும் பதில் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம்.”

“ஏலே, மைக்க அணைலே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மைக் அணைந்தது. சொல்ல நினைத்த மிச்சத்தையும் மைக் இல்லாமலே உரக்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

அந்த வாரமே கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார் சிவசைலம். மகளிடம் ஒன்றும் சொல்லாமல் பிரம்மநாயகி நேரே அவருடைய கடைக்குப் போனார். நெற்றி நிறைய விபூதி. வாடிக்கையாளர்கள் சேலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எம்மவ பூசலன்னு எனக்கும் வருத்தந்தான். தெனமும் அம்மன் சன்னதியில போயி அழுதிருக்கேன். ஆனா அது எங்க வீட்டுச் சங்கதி. சபையில வச்சு அவ நெத்தியத் தொடுததுக்கு நீரு யாரு?”

சிவசைலம் வாடிக்கையாளர்களிடம் சேலை விலை சொல்லப் போய்விட்டார். கட்டடத்தை விட்டுத்தரவில்லை. பிரம்மநாயகி வீட்டுக்கு வந்து, முன்னறையிலிருந்த கட்டிலைத் தானே இழுத்து நகர்த்தி, கிளினிக்குக்கு இடம் ஒதுக்கினார். முதலில் நோயாளிகள் பாதியாகக் குறைந்தார்கள். காய்ச்சலும் பிரசவமும் எத்தனை நாளைக்கு ரோஷம் பார்க்கும்? பைய ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

மறு ஆனியில் தேரோட்டத்தன்று, வீட்டு வாசலில் மேசை போட்டு மருந்தும் குளுக்கோஸ் தண்ணீரும் வைத்தார் சித்ரலேகா. சபை ஆட்கள் வந்தார்கள்.

“தேர் வார வழியில நீங்க மேசை போடக் கூடாது.”

“மேசை என் வாசல்ல கெடக்கு. எடுக்க மாட்டேன்.”

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு நிற்கும்போதே, வடம் பிடித்த ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்தார். அந்த ஆட்களே அவரைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். சித்ரலேகா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்து, நாடி பார்த்தார். மயங்கியவர் கண் விழித்ததும், “தேர் நகந்துட்டா?” என்றார்.

“நகந்துட்டு. நீங்க பைய எந்திரிங்க, போதும்.”

அதற்குள் அடுத்த ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.