ஃப்ரிட்ஜ் நின்றால் எழுந்துவிடுகிறவர்

மனித குலத்தின் சார்பாக விண்வெளிக்குப் போய் வந்தவர் ரோதியோன் சவேலியெவிச் பெஸ்தோவ். மனித குலம் தன்னை அங்கே அனுப்பியது பெரும்பாலும் கழிப்பறைப் பம்பைக் கழற்றி மாட்டத்தான் என்பதை அவர் பள்ளிக்கூட விழாக்களில் சொல்வதில்லை. அங்கே பூமியின் நீலத்தைப் பற்றிப் பேசுவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பம்பைப் பற்றிப் பேசியிருந்தால் இன்னும் பலமாகத் தட்டியிருப்பார்கள்.

மாஸ்கோவுக்கு வெளியே, பைன் காட்டுக்கு நடுவில் விண்வெளிக்காரர்களுக்கென்றே கட்டிய ஊரில், ஒரு மாடி வீட்டில் அவரும் மனைவி தைசியாவும் இருந்தார்கள். அந்த ஊர் ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிறவர்களில் பலர் ஒரு தடவையாவது பூமியை விட்டுப் போய் வந்தவர்கள். அதனால் ரோதியோனுக்காக யாரும் வரிசையில் விலகி நிற்பதில்லை.

மேலே இருந்தபோது அவருக்குக் கீழே வேண்டியிருந்தது. உதிரும் ரொட்டிக்கு அங்கே தடை. துகள் மிதந்து போய்க் கண்ணில் விழும், கருவியில் புகும். ஆகவே கறுப்பு ரொட்டியைப் பிய்த்து மேசையெல்லாம் உதிர்ப்பது ஒன்றே மனித சுதந்திரம் என்று ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு முடிவுசெய்திருந்தார். காலையில் ஒரு திருகாணியைக் கழற்றத் தொடங்கினால் அது முடிவதற்குள், பூமியைச் சுற்றுகிற வேகத்தில், வெளியே இருட்டி, விடிந்து, மறுபடி இருட்டியிருக்கும். உள்ளங்கால் குழந்தையுடையதைப் போல மென்மையாகிவிட்டது. கம்பிகளில் பாதத்தை மாட்டி மாட்டிப் புறங்காலில் காய்ப்பு காய்த்தது.

கீழே வந்த பிறகு அவருக்கு மேலே வேண்டியிருந்தது. ரொட்டியை ஒரு வாரம் உதிர்த்தார். பிறகு அதுவும் சலித்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார், நடந்தால் சுவர் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி காணோமென்றால் சமையலறைச் சுவரின் காற்றுப்போக்கி வலையில் போய்த் தேடினார். மேலே தொலைகிற எதுவும் மிதந்து மிதந்து காற்றோடு போய் அந்த மாதிரி வலையில்தான் ஒட்டிக்கொள்ளும்.

"அங்க இல்ல ரோத்யா, உன் தலையில இருக்கு," என்பாள் தைசியா. "பூமியில சாமான் கீழதான் விழும். ஞாபகம் வச்சுக்கோ."

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது ஃப்ரிட்ஜ். மேலே காற்றாடிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அவை நின்றால், தூங்குகிறவன் விட்ட மூச்சு அவன் முகத்தைச் சுற்றியே குமிழிபோல நின்று அவனை மூச்சடைத்துக் கொன்றுவிடும். ஆகவே அங்கே அமைதி என்றால் ஆபத்து. தைசியாவின் கிழட்டு ஃப்ரிட்ஜோ டிராக்டர்போல ஓடி, திடீரென்று உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நின்றுவிடும். அந்த நொடியில் ரோதியோன், கையில் சூப் கிண்ணம் இருந்தாலும் சரி, துள்ளியெழுந்து "காத்து!" என்று கத்தியபடி சுவரைத் தடவிக்கொண்டு ஓடுவார்.

அடுத்த பயணத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. எலும்பு, இதயம் எல்லாம் தேறிவிட்டன. மிச்சமிருந்தது மனநல மருத்துவர் க்ளாவ்தியா யெகோரவ்னாவின் ஒரு வார்த்தை. ஆளை அவன் வீட்டில், அவன் மேசையில் உட்காரவைத்துப் பார்ப்பது அந்த அம்மாளின் முறை. அதற்காக மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். துள்ளுகிறவரை மேலே அனுப்பமாட்டார் என்பது ஊரறிந்த சேதி.

"நான் போகணும்னு நினைக்கிறியா, கூடாதுன்னா?" என்று கேட்டார் ரோதியோன்.

"கீழ இருந்தா நீ என் உயிரை எடுக்கிற. மேல போனா உன் கவலை எடுக்குது. எப்படியும் உயிர் போகும்; நீ மேல போனா எனக்குச் சமையலாவது மிச்சம்." இப்படிச் சொல்லிவிட்டுத் தைசியா ஃப்ரிட்ஜ் கதவை ஒரு சாண் திறந்து, இடையில் ஊறுகாய் ஜாடியை முட்டுக்கொடுத்தாள். கதவு திறந்து கிடந்தால் ஃப்ரிட்ஜ் குளிராது, குளிராதவரை நிற்காது. விண்வெளி ஆராய்ச்சிக்கு அந்தக் குடும்பம் செய்த முதல் பங்களிப்பு ஒரு கட்டி வெண்ணெய்.

க்ளாவ்தியா யெகோரவ்னா வந்தார், பீட்ரூட் சூப் குடித்தார், உப்புமீன் சாப்பிட்டார். ஃப்ரிட்ஜ் இரைந்தது. ரோதியோன் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தார்.

"தூக்கமெல்லாம் எப்படி, ரோதியோன் சவேலியெவிச்?"

"கட்டை மாதிரி தூங்குறேன்."

"சுவத்துல சாத்தி வச்ச கட்டை," என்றாள் தைசியா. மேலே பழகிய பழக்கத்தில் அவர் இன்னும் சுவரில் சாய்ந்து நின்றபடிதான் தூங்கினார். மேசைக்கடியில் ஒரு கால் அவளை மிதித்தது.

ஜாம் போட்டுத் தேநீர் குடித்த பிறகு தட்டை வைக்கச் சமையலறைப் பக்கம் போனார் மருத்துவர். "ஐயோ தைசியா, கதவு திறந்து கிடக்கே! வெண்ணெய் ஆறா ஓடுது!" ஜாடியை எடுத்தார். நல்ல குடும்பத்துப் பெண். கதவை அழுத்திச் சாத்தினார்.

சரி, ஃப்ரிட்ஜ் குளிர்வதற்குள் கிளம்பிவிடுவார் என்று இருவரும் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். ஆனால் அவர் வாசல்வரை வந்து, திரும்பி வீட்டையெல்லாம் பார்த்துப் பேசி, மேலங்கியை மாட்டி, மப்ளரைத் தேடி எடுத்து, பிறகு சொன்னார்: "நான் இங்கேருந்து நேரா விமானத்துக்குப் போறேன், ஏவுதளத்துக்கு. நெடும்பயணம். வாங்க, உக்காரலாம்."

மறுக்க முடியாது, அது ரஷ்ய வழக்கம். தூரவழி போகிறவர் புறப்படுமுன் வீட்டிலுள்ள எல்லோரும் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் இருக்க வேண்டும். அந்த ஊரில் ராக்கெட் ஏறுகிறவர்கள்கூட அப்படி உட்காராமல் போனதில்லை. மூவரும் உட்கார்ந்தார்கள். மௌனம்.

ஃப்ரிட்ஜ் சிலிர்த்தது. நின்றது.

ரோதியோனின் முழங்கால் எழுந்துவிட்டது. கைகள் அதைப் பிடித்து அமுக்கின. மூச்சு முகத்தைச் சுற்றிக் குமிழியாக நிற்பது அவருக்குத் தெரிந்தது. எழக்கூடாது. அப்போது அவர் மூக்கிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது: "ம்ம்ம்ம்ம்..." காற்றாடிச் சத்தம். அவருக்கே தெரியாது.

மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். உடனே தைசியாவும் கூரையைப் பார்த்தபடி, ஒன்றும் அறியாதவளாய், "ம்ம்ம்ம்ம்" என்று கூடச் சேர்ந்துகொண்டாள்.

ஒரு பெரிய விமானம் கடந்து போகிற அளவு நேரம் அந்த வீடு இரைந்தது.

க்ளாவ்தியா யெகோரவ்னா எழுந்தார். "அவர் எழுந்திருக்கல," என்றார்.

"எழுந்திருக்கவே இல்ல," என்றாள் தைசியா.

"மேல காத்தாடி இருக்கு. அங்க இவருக்குப் பாட வேண்டிய வேலை இல்ல. போய்ட்டு வரட்டும், கையெழுத்துப் போடுறேன்." கதவருகே திரும்பினார். "உங்களுக்குத்தான் தைசியா, கொஞ்சம் கவனிப்பு வேணும் போலிருக்கு. உங்களுக்கு எதுக்கு இந்த இரைச்சல்?"

கதவு சாத்திக்கொண்டது.

ஜெயித்துவிட்ட ரோதியோன் ஜன்னலுக்கு ஓடினார். கீழே ஈரப் பைன், சேறு. இதையெல்லாம் மறுபடி ஒரு கண்ணாடி வழியாக எத்தனை நாள் பார்க்கவேண்டியிருக்குமோ என்று அப்போதே ஏக்கம் பிடித்துக்கொண்டது. ரொட்டியைப் பிய்த்து அவசர அவசரமாக உதிர்க்கத் தொடங்கினார்.

"தாஸ்யா, நீ ஏன் அங்க நிக்கிற?"

அவள் ஃப்ரிட்ஜின் மேல் காதை வைத்திருந்தாள். "சும்மா இரு. இன்னும் ஓடல."

அவரும் வந்து மறுபக்கம் காதை வைத்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.