மனுக்கள் குழுவுக்கு ஐந்து நகல்கள்

ஆகஸ்ட் 11: ஊர் எல்லையில் ஓடையின் குறுக்கே உள்ள தரைப்பாலத்தை உயர்த்திக் கட்டக் கோரும் மனு, ஐந்து நகல்களில், சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழுத் தலைவருக்குப் பதிவஞ்சலில் அனுப்பப்பட்டது. மனுதாரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கையெழுத்து ஒன்று.

அக்டோபர் 23: மனுதாரர் மதுரையில் மருத்துவமனையில் காலமானார்.

நவம்பர் 18: ஓடையில் நீர் வந்தது. தரைப்பாலம் மூழ்கியது. பேருந்து நான்கு நாள் ஊருக்குள் வரவில்லை.

டிசம்பர் 15: மனு ஆய்வுக்கு எடுக்கப்பட்டுள்ளது என்றும், ஜனவரி 20 அன்று விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் குழு கூடும்போது மனுதாரர் நேரில் வரவேண்டும் என்றும் கடிதம் வந்தது.

கடிதத்தைக் கையெழுத்திட்டு வாங்கியவன் நான். மனுதாரர் என் மனைவி.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் அரசியல் அறிவியல் கற்பித்தேன். மாநிலச் சட்டமன்றக் கீழவையின் அமைப்பு இரண்டாம் ஆண்டுப் பாடம். கரும்பலகையில் முதலில் பேரவைத் தலைவரின் இருக்கையை வரைவேன். அவருக்கு வலப்புறம் ஆளுங்கட்சி, இடப்புறம் எதிர்க்கட்சிகள், எதிரே கீழே செயலாளரின் மேசை. நம் மாநிலத்தில் மேலவை நீக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் பாடநூல் பேரவையைக் கீழவை என்றே சொல்லிவந்தது. மேலே ஒன்றும் இல்லாதபோது கீழே என்பது எதைக் குறிக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போனேன்.

பேரவை ஆண்டில் சில வாரங்களே கூடுகிறது. மற்ற நாட்களில் அதன் வேலையைச் செய்பவை குழுக்கள். பொதுக்கணக்குக் குழுவுக்கு ஒரு வகுப்பு, மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு வகுப்பு, உரிமைக் குழுவுக்கு அரை வகுப்பு ஒதுக்குவேன். மனுக்கள் குழு வரும்போது மணி அடித்துவிடும். 'தேர்வில் வராது, படித்துக்கொள்ளுங்கள்' என்பேன். என் குறிப்பேட்டில் அதற்கு அரைப் பக்கம்.

என் மனைவியின் கோப்பைத் திறந்தபோது மேலே இருந்தது அந்த அரைப் பக்கத்தின் நகல். ஓரத்தில், விடைத்தாள் திருத்தும் அவள் பென்சிலில், 'யார் அனுப்பலாம்? எத்தனை கையெழுத்து?' என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் என் குறிப்பில் விடை இல்லை. சென்னைக்குத் தொலைபேசியில் கேட்டு அவளே எழுதியிருந்தாள்: 'யாரும். ஒன்று போதும். ஒரு மனுவில் ஒரு துறை மட்டும்.'

அவள் மனு எழுதியது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் போதாதா என்றுதான் கேட்டிருந்தேன்.

"திங்கக்கிழமை மனு திங்கக்கிழமையோட போயிருது," என்றாள். "இது சட்டசபைக்குல்ல போகுது. அங்க கேட்டா ஆபீசருக பதில் சொல்லித்தான் ஆகணும். நீங்கதான இதைப் பாடமா எடுத்தீக?"

அந்தப் பாடத்தை நான் எடுத்ததே இல்லை.

கடிதத்தில் இருந்த எண்ணில் பேரவைச் செயலகத்தின் பிரிவு அலுவலர் ஒருவர் பேசினார். பெண்குரல். விவரத்தைச் சொன்னேன். தாள் புரளும் ஓசை கேட்டது.

"நீங்க அவங்க ஹஸ்பெண்டா சார்? மனுங்கறது வாரிசுக்கு வர்ற சொத்து இல்லையே. கூட வேற யாராவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

"இல்லை."

"பொதுப் பிரச்சினைதான். ஊர்க்காரங்க ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டு அஞ்சு நகல் அனுப்புங்க, பத்து நாளுக்குள்ள. கமிட்டி முன்னாடி வைக்கிறேன். இல்லேன்னா மனுதாரர் இல்லைன்னு ஃபைலை மூடிடுவாங்க சார்."

அவள் ஏன் தனியாகக் கையெழுத்திட்டாள் என்பதை ஊரார் எவரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊரில் கோயில் தெரு, சர்ச்சுத் தெரு என இரண்டு தெருக்கள். பாட்டன் காலத்தில் ஒரே பங்காளிகள். அதனாலேயே இன்று எந்தத் தாளிலும் ஒரு தெரு மற்றதற்குக் கீழே கையெழுத்திடாது. இதே பாலத்துக்கு முன்பு ஒருமுறை எழுதிய மனு, முதல் கையெழுத்து யாருடையது என்பது தீராமல், ஒரு மாதம் தேநீர்க் கடையில் கிடந்தது. பிறகு அதில் வடை மடித்தார்கள்.

நான் புதிதாக ஒரு மனு தயாரித்தேன். ஆறு பத்திகள், பேரவை விதிகளுக்கு மூன்று மேற்கோள், கீழே ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணிட்ட கோடுகள். கோயில் தெருவின் சார்பில் பேசுகிற பருத்தி விவசாயியையும், சர்ச்சுத் தெருவின் சார்பில் பேசுகிற ஓய்வுபெற்ற தபால்காரரையும் பேருந்து நிறுத்தத்துக்கு வரச்சொன்னேன். ஓடை வற்றி, தரைப்பாலத்தின் மேல் வண்டல் வெடித்துக் கிடந்தது. பேரவையில் தனிநபர் தீர்மானங்களுக்கு முன்னுரிமை குலுக்கல் மூலம் முடிவாகிறது, அதில் எவருடைய மதிப்பும் குறைவதில்லை, நாமும் அப்படிச் செய்யலாம் என்றேன்.

"குலுக்கலா?" என்றார் விவசாயி. "நாங்க என்ன தீவாளிச் சீட்டா சார் போடுறோம்?"

"சீட்டுல அவுக தெரு வந்துச்சுன்னு வைங்க," என்றார் தபால்காரர், "கர்த்தரே கைவிட்டுட்டாருன்னு எங்க தெருவுல பேசுவாக."

"உங்க தெரு வந்தா மட்டும் எங்க ஐயனாரு சும்மா இருப்பாராக்கும்?"

"ஏலே, தண்ணி வந்தப்ப உன் வண்டிய எங்க தெருப் பயகதான தூக்கிக் கொண்டாந்தாக."

"கொண்டாந்தாக. சைலன்சருக்குள்ள கெளுத்தி மீனு கெடந்துச்சு. அதையும் அவிங்களே சுட்டுத் தின்னுட்டாய்ங்க."

விதியை மீண்டும் விளக்கத் தொடங்கினேன். தபால்காரர் என் கையிலிருந்த கோப்பைச் சுட்டி, "டீச்சர் எழுதுனத ஒருவாட்டி பாப்பமா சார்?" என்றார். அவள் வீட்டில் வைத்திருந்த நகலை எடுத்துக் கொடுத்தேன்.

அது பத்து வரி. ஓடையில் நீர் வரும் நாட்கள், பேருந்து வராத நாட்கள், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் எண்ணிக்கை. கடைசி வரிக்கு நேர் கீழே, நடுவில், அவள் கையெழுத்து. அதன் கீழ் முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் இழுத்து, நடுவே மேலிருந்து கீழாக இன்னொரு கோடு போட்டிருந்தாள். முன்பே பார்த்திருந்தேன். ஏதோ அட்டவணை போடத் தொடங்கி விட்டுவிட்டாள் என்று எண்ணியிருந்தேன்.

தபால்காரர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இதுலதான் மொதக் கையெழுத்து இருக்கே," என்றார்.

விவசாயி எட்டிப் பார்த்தார். "டீச்சருக்குக் கீழ போடுறதுல எனக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. எம்மவ ரெண்டுக்கும் கணக்குச் சொல்லிக் குடுத்தவுக. ஆனா எனக்கு மேல இவன் போடக் கூடாது."

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. பக்கத்துல கோடு கெடக்கு பாரு. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

இருவரும் ஒரே வரியில் கையெழுத்திட்டார்கள். தலைவருக்கு வலப்புறம் யார், இடப்புறம் யார் என்று பேரவை வைத்திருக்கும் வழக்கத்தை அன்று நான் சொல்லவில்லை. மாலைக்குள் பக்கம் நிறைந்தது. நான் எழுதிய ஆறு பத்திகளை எவரும் கேட்கவில்லை. மறுநாள் அருப்புக்கோட்டையில் ஐந்து நகல் எடுத்து அனுப்பினேன்.

அந்தக் கோடுகளை அவள் இதற்காகத்தான் போட்டாளா, அனுப்பும் நாளில் உடம்புக்கு முடியாமல் தெருத் தெருவாகப் போவதைக் கைவிட்டாளா என்பது எனக்குத் தெரியாது. அறிய வழியும் இல்லை.

ஜனவரி இருபதாம் நாள் மூவரும் மல்லாங்கிணறு வழியாக விருதுநகர் போனோம். குழுவைப் பேரவையின் சிறு வடிவமாக எதிர்பார்த்திருந்தேன். எதிரெதிர் வரிசைகளைக் கண்கள் தேடின. உறுப்பினர்கள் ஒரே மேசையைச் சுற்றிக் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எவர் எந்தக் கட்சி என்பதை, ஒவ்வொருவரும் கேட்ட கேள்விகளைக் கொண்டு கணிக்க முயன்றேன், முடியவில்லை. இதை வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

தலைவர் மனுவின் எண்ணையும் என் மனைவியின் பெயரையும் வாசித்து, "மனுதாரர்?" என்றார். நான் எழுந்தேன். எனக்கு இருபுறமும் இருவர் எழுந்தார்கள். பிரிவு அலுவலர் குனிந்து ஏதோ சொன்னார். தலைவர் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துகளைப் பார்த்துவிட்டு, எங்களை உட்காரச் சொன்னார்.

பாலத்துக்கான செலவு மதிப்பீடு தயாராகி மேலே அனுப்பப்பட்டுள்ளது என்றார் துறையின் சார்பில் வந்திருந்த பொறியாளர். "எந்தத் தேதியில?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பொறியாளரிடம் தேதி இல்லை. மூன்று மாதத்தில் எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும் என்று தலைவர் பதிவு செய்தார். அடுத்த மனுவின் எண் வாசிக்கப்பட்டது.

"நாலு நிமிசத்துக்கா காலங்காத்தால பஸ்ஸு ஏறுனோம்?" என்றார் விவசாயி, படியிறங்கும்போது.

"நாப்பது வருசமா நாலு நிமிசம்கூட யாரும் பேசலையேடே," என்றார் தபால்காரர். "தேதி கேட்டாரே ஒருத்தரு, பாத்தியா? அந்த இஞ்சினியரு மூஞ்சி போன போக்கு."

திரும்பும் பேருந்தில் அவர்கள் அந்த முகத்தைப் பற்றியே பேசிவந்தார்கள். கோப்பு என் மடியில் இருந்தது.

செய்யாமல் இருப்பவை:

பொறியாளரின் அறிக்கை வந்ததா என்று பிரிவு அலுவலரிடம் கேட்பது.

அறிக்கை வருமுன் பேரவையின் பதவிக்காலம் முடிந்தால், அடுத்த பேரவையின் குழு இந்த மனுவைத் தொடருமா என்று அறிவது. விதிகளைப் படித்தேன்; எனக்குத் தெளிவாகவில்லை.

செயலகக் கடிதங்கள் இன்னும் அவள் பெயருக்கே வருகின்றன. மாற்றச் சொல்லி எழுதுவது.

காலைப் பேருந்தின் நேரத்தை மாற்றக் கோரும் இரண்டாம் மனு. வேறு துறை என்பதால் அவள் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறாள். கோடுகளை நான் போட்டாயிற்று. கையெழுத்து இல்லை. முதலில் யார் இடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.