மாமா செய்த அருவி

என் மாமா வெளியிட்ட ஒரே இசை நாடாவைக் கெடுத்த புண்ணியம் என்னையே சேரும். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பழைய கேசட்டிலிருந்து அதை எடுத்து இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார். நடுவில் ஒரு சிறுமி பேசுகிறாளே, என்ன சொல்கிறாள் என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. உம்மாவின் தம்பியான மாமா வளைகுடாவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். நாற்பது நாள் லீவில் தென்காசிக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஆறு கம்பளிகளுக்கு அடியில் சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டி ஒன்று படுத்திருந்தது. பார்த்தால் ஆர்மோனியம் மாதிரி கட்டைகள், மேலே வரிசையாகத் திருகுகள்.

"இதுக்குப் பாட்டுப் படிக்க ஆளு யாருடா?" என்றாள் உம்மா.

"ஆளே வேண்டாம்க்கா. எல்லாம் இதுவே படிச்சிரும்."

வளைகுடாவில் ஒரு ஸ்டுடியோக்காரர் மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மனிதக் குரலே இல்லாமல், இந்தப் பெட்டியின் இசையை மட்டும் ஒரு நாடா நிறையச் செய்து கொண்டு வந்தால் கேசட்டாகப் போடுவார். கிடங்கை விட்டுவிட்டு அவரிடமே வேலைக்கும் சேரலாம். மூட்டை தூக்கித் தூக்கி மாமாவின் தோள் காய்த்துப்போயிருந்தது. அவருக்கு அந்த நாற்பது நாள்தான் இருந்தது.

எங்கள் தெருவில் விடிந்தால் தறிச் சத்தம். அதனால் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் அறையை எடுத்தார். சித்திரை மாதத்துக் குற்றாலத்தில் குரங்குகளையும் லாட்ஜ் மேனேஜர்களையும் தவிர யார் இருப்பார்கள்? அருவியும் வெறும் பாறையாக நின்றது. வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்கக் கம்பளிகள் ஆறையும் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். கம்பளிக்குக் காத்திருந்த சின்னாப்பா ஒருவர் லாட்ஜுக்கே வந்து பார்த்துவிட்டு, "சுவருக்குக் குளிருதோ மாப்ளே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கோபம் தீர இரண்டு பெருநாள் ஆயிற்று.

பள்ளி விடுமுறை என்பதால் உம்மாவும் நானும் கூடவே இருந்தோம். சத்தம் வரும் என்று மாமா மின்விசிறியையும் நிறுத்திவிடுவார். கம்பளி வாசனைக்கும் புழுக்கத்துக்கும் நடுவில் தூக்கமா விழிப்பா என்று தெரியாமல் படுத்துக் கிடப்பேன். ஒருநாள் ஒரு திருகைத் திருப்பினார். ஷ்ஷ் என்று ஒரு சத்தம் எழுந்தது.

"ஏட்டி, அருவி மாதிரி இருக்கா?"

"இது குழாய்த் தண்ணி மாமா."

இன்னும் கொஞ்சம் திருப்பினார். அதன் அடியில் ஒரு நீளமான சுரம் மெல்ல வந்து சேர்ந்தது. அறை முழுக்கத் தண்ணீர் விழுந்தது. என் கையில் சாரல் பட்டதென்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். அந்தச் சுகத்தை அதற்குப் பிறகு நிஜ அருவியில்கூட நான் அடைந்ததில்லை.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது நாடா முடிந்தது. இருந்தது ஒரே பிரதி. அதை வீட்டு மேஜையில் வைத்துவிட்டு மாமா மத்தியானம் தூங்கினார்.

எங்கள் வீட்டில் கேசட் என்றால் கடிதம். வளைகுடாவிலிருந்து வாப்பா பேசி அனுப்புவார். நாங்கள் கேட்டு முடித்ததும் அதன் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவோம். ஆனால் கடைசியாக வந்த கேசட்டின் மேல் பேச உம்மா விடவே இல்லை, அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். மாமாவின் நாடாவைத்தான் எல்லாரும் கேட்டு முடித்தாயிற்றே! டேப் ரிக்கார்டரில் போட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேசினேன்.

மறுநாள் கடைசியாக ஒருமுறை கேட்க மாமா உட்கார்ந்தார். அருவி விழுந்துகொண்டிருக்கும்போதே டக் என்றது. "வாப்பா, மாமா தண்ணியே இல்லாம அருவி செஞ்சிருக்காவ. நான் நனைஞ்சிட்டேன். நீங்க எப்போ வருவீங்க? உம்மா ஒங்க கேசட்ட அழிக்க விட மாட்டேங்குதா, அதான் இதுல பேசுதேன்." மறுபடி டக். அருவி தொடர்ந்தது.

திருத்த நேரம் இல்லை என்று எனக்கே தெரியும். மாமா உம்மாவைப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் பேசியிருக்கா. இருக்கட்டும்" என்றார்.

ஸ்டுடியோக்காரர் அந்தக் குரலை வெட்டச் சொல்லியிருக்கிறார். மாமா முடியாது என்றிருக்கிறார். கேசட் கொஞ்சமாக வெளிவந்தது, வேலை வரவில்லை. அவர் கிடங்கிலேயே ஓய்வு பெற்றார். எந்தக் கடையிலாவது, எந்த டாக்சியிலாவது அது ஓடாதா, வாப்பாவின் காதில் விழாதா என்பதுதான் அவர் கணக்கு. யாரிடமும் சொல்லாமல், வளைகுடாவில் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு வாப்பா எங்கோ போய் அப்போதே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இதையெல்லாம் உம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

லீவு முடிந்து கிளம்பிய அன்று மாமா பெட்டியோடு வாசலில் நின்றபோது, "கேசட்ட வாப்பா கையிலயே கொடுக்கணும், என்ன?" என்றேன்.

"கொடுக்கேன்ட்டி" என்றார்.

வழியனுப்ப வந்த உம்மா ஏன் சட்டென்று உள்ளே போய்விட்டாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.