அண்ணன் வாசித்த சுவிசேஷம்

இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் நீங்கள் அனைவரும் அண்ணனை அறிந்தவர்கள். அவர் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உடன்பிறந்த ஒரே தங்கையான நான் சில வார்த்தைகள் எழுதத் துணிகிறேன்.

அண்ணன் பிறந்தது ரெட்டியார்பாளையத்தில். பஞ்சாலையில் வேலை செய்த அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, அம்மா துணி தைத்து எங்களை வளர்த்தார். அண்ணன் பட்டணத்துப் பள்ளிக்கு நடந்தே போய்ப் பிரெஞ்சு கற்று, அங்கேயே சரித்திர ஆசிரியரானார்.

ஞாயிறுதோறும் எங்கள் கோயிலில் பெரியவர்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடத்தி வந்தார். ஜெபத்துக்காக வேதாகமத்தைத் திறந்தால், கடவுள் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று பார்க்க வேண்டும்; சரித்திரமாகத் திறந்தால், எழுதியவர் யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று பார்க்க வேண்டும் என்பார். ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆண்டவர் பிறந்தபோது பெத்லேமில் ஏரோது ராஜா குழந்தைகளைக் கொன்றதைப் பற்றி ஒருமுறை யாரோ கேட்டார்கள். அது சுவிசேஷத்தில் மட்டுமே இருக்கிறது, அவனுடைய கொடுமைகளை விரிவாக எழுதிய பழைய சரித்திரக்காரர்கூட அதைச் சொல்லவில்லை, ஆகவே நடந்தது என்று உறுதி கூற இயலாது என்றார் அண்ணன். செய்தி பங்குச் சாமியாரின் காதுக்குப் போயிற்று. சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்லி, அவர் வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தார். அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. பூசைக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

வெகுகாலம் காத்திருந்து அண்ணி கருவுற்றார். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த கல்லறை மண்ணில் இடமில்லை என்றார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே அண்ணன் தம் கையாலேயே மண் தள்ளிவிட்டு வந்தார்.

படுக்கையில் கிடந்த அண்ணி அவரைப் பார்த்துக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏரோது கொன்ன புள்ளைங்களும் ஞானஸ்நானம் வாங்கல. ஆனா அவங்கள அர்ச்சியசிஷ்டவங்கன்னு கும்புடுறோம். நம்ம புள்ளையும் அவங்களோட இருப்பான் இல்ல? அவங்க நெசமா இருந்தாங்களா, சொல்லுங்க."

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கு அது வரவில்லை. "தெரியலம்மா" என்றார். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் பல நாள் அண்ணி சோறு போடுவார், அண்ணன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார், அவ்வளவுதான்.

அந்த மார்கழியில், ஏரோது கொன்ற பிள்ளைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் வந்தது. பூசையில், பிள்ளைகளை இழந்த தாயின் அழுகையோடு முடியும் அந்தச் சுவிசேஷத்தைத் தமிழில் வாசித்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அண்ணியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இத எழுதினவரு யாரு, எப்ப எழுதினாருன்னே இத்தன வருசமா பாத்துட்டேன். புள்ளைய பறிகொடுத்தவ ஆறுதலே வேணாம்னு அழுவுறத அவரு ஏன் எழுதினாருன்னு பாக்கல. ஏரோது கொன்னானான்னு எனக்கு இப்பவும் தெரியாது. ஆனா அந்தத் தாய அழாதன்னு அவரு சொல்லல. அழ வுட்டுட்டாரு. நீயும் அழு. நானும் அழுவுறேன்."

அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சு நோய் முற்றிப் படுத்தபோது, இறுதி எண்ணெயான அவஸ்தை பூச வந்தவர் அதே சாமியார். அண்ணன் அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"சுவரோரமா எனக்கு எடம் குடுங்க சாமி. பையன் அந்தப் பக்கம் இருக்கான்."

சாமியார் வெகுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையசைத்தார்.

நோயில் மாறி மாறித் துணையிருந்த பள்ளி ஆசிரியர்களுக்கும், மதம் பாராமல் கஞ்சி வைத்துக் கொடுத்த, அண்ணன் குடியிருந்த மூலக்குளத்து அண்டை வீட்டாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பங்குச் சாமியாருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், அவர் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு சுவரின் வெளிப்பக்கம் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புல் மூடிய அந்த இடத்தில் நின்று ஜெபித்தார். அண்ணியும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.