நச்சாந்துபட்டி சாலையில் இறக்கிவிடப்பட்டவர்கள்

யுத்த காலத்துச் சித்திரை மாதம். காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காததால் கரி எரித்து அந்தப் புகையில் ஓட்டிய வண்டி. பொன்னமராவதிக்கு இருபத்தைந்து மைல், பன்னிரண்டு அணா. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். வழியெல்லாம் வறண்ட கண்மாய்கள். சுற்று வட்டாரத்தில் வாந்திபேதி என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

நமணசமுத்திரத்தில் ஓர் இளம் விவசாயி மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி ஏறினார். அவள் முகம் வெளுத்திருந்தது. எல்லாரும் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். என் பக்கத்திலிருந்த வெற்றிலை வியாபாரி மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

"இதை மோந்துக்க ஆத்தா, கொமட்டல் நின்னுபோகும்."

இரண்டு மைல் தாண்டியதும் அவள் வாந்தி எடுத்தாள்.

"பேதிடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த நொடி வண்டி முழுவதும் ஒரே கூச்சல்.

"மசக்கைங்க. மூணு மாசமுங்க," என்று கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கொஞ்சம் விசாரிப்போமே," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பழம் கொடுத்த வியாபாரிதான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார்: "எறக்குய்யா! எங்க புள்ளகுட்டி சாகணுமா?"

டிரைவர் தயங்கினார். நாலு பேர் எழுந்ததும் நிறுத்திவிட்டார். இருவரையும் இறக்கிவிட்டார்கள். என்ன நினைத்தேனோ, பையை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன்.

நிழல் இல்லாத சாலை. நச்சாந்துபட்டிக்கு இன்னும் மூன்று மைல். பாதி வழியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேலையில் ரத்தம். பின்னால் வந்த ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, ஊரில் மருத்துவச்சி வீட்டில் சேர்த்தோம். வெகுநேரம் கழித்து மருத்துவச்சி வெளியே வந்தாள்.

"பொண்ணு பொழைச்சுக்கிட்டா. கரு தங்கலைங்க."

கணவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சோடா வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். அந்த ஊரிலேயே பஸ்ஸை விட்டு இறங்கியிருந்த வெற்றிலை வியாபாரி அங்கே தனியாக நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்தார். "அந்தப் புள்ள எப்படிங்க இருக்கு?"

சொன்னேன்.

"நான் மட்டுமாங்க சொன்னேன்? எல்லாருந்தானே சொன்னாக."

அது பொய்யில்லை. மருத்துவச்சி வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கணவர் தலைநிமிர்ந்து கேட்டார்: "நான் யாரைங்க கோவிச்சுக்கிறது? ஒரு ஆளா இருந்தா கேட்டுப்புடலாம்."

தங்கை வீட்டில் இரண்டு நாள் இருந்தும் இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளும் அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் அன்பாக ஊர், பேர் விசாரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். வண்டி நிரம்ப நிரம்ப எனக்குப் பயமாக இருந்தது.