பன்னிரண்டு குட்டிக்கும் ஒரே தகப்பன்

அவளை அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'ரிஜிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயசு முப்பத்தெட்டு. அப்பாவின் சுத்த ரகச் செம்மறி மந்தையில் எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏழு தலைமுறையை ஒப்பிப்பாள். அவளுடைய கல்யாணப் பேச்சு எந்த வருஷம் நின்றுபோனது என்று கேட்டால்தான் யோசிப்பாள். கடல் தாண்டிப் போன அண்ணன் போன் பண்ணினால் முதலில் ஆடுகளை விசாரிப்பான். இவளை விசாரிப்பதற்குள் அவனுக்கு வேலை வந்துவிடும். நல்ல அண்ணன்!

அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோயிற்று. அவரால் பட்டிக்குள் குனிய முடியாது, அதனால் இவளால் பட்டியை விட்டுப் போக முடியாது. இந்த வருஷம்தான் மனுஷர் கொஞ்சம் இறங்கி வந்தார். தூரத்துப் பண்ணைக்காரர் ஒருத்தர் மந்தை மொத்தத்தையும் கேட்டிருந்தார். இந்த வருஷம் பிறக்கப்போகிற குட்டிகளெல்லாம் பெரிய கிடாவுக்குப் பிறந்தவை என்று ஆடு வளர்ப்போர் சங்கத்துப் பதிவேட்டில் ஏறவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

"ஏறிடுச்சுன்னா கொடுத்துடறேம்மா. நீயும் உன் வழியைப் பார்த்துக்கிட்டுப் போ," என்றார் அப்பா. நகரத்து அச்சகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலைக்கு அவள் ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தாள்.

வினை அந்த வேலைக்கான போனில்தான் வந்தது. பெட்டைகளோடு பெரிய கிடாவை விட்டிருந்த நாள். அதன் நெஞ்சில் சிவப்புச் சாயம் பூசியிருந்தாள். எந்தப் பெட்டையோடு சேர்ந்ததோ அதன் முதுகில் சிவப்பு ஒட்டும், பார்த்து எழுதிக்கொள்ளலாம். அப்போது பார்த்து போன் அடித்தது. சிக்னல் கிடைக்கணுமே என்று மேட்டுக்கு ஓடினாள், பட்டி வாசல் படலைக் கட்ட மறந்தாள். வேலை உனக்குத்தான், ஆறு மாசத்தில் வந்து சேர்ந்தால் போதும் என்று சொன்ன சந்தோஷத்தோடு திரும்பி வந்தால், கீழ்த்தாடை கோணல் என்று ஒதுக்கி வைத்திருந்த சின்னக் கிடா பெட்டைகளுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது! அதன் நெஞ்சில் ஏது சாயம்? எத்தனை பெட்டையைத் தொட்டதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. புத்தகத்தில் எல்லாப் பெட்டைக்கும் நேரே பெரிய கிடா என்றே எழுதினாள். ஐந்து மாசத்தில் பன்னிரண்டு குட்டிகள் பிறந்தன.

சங்கத்துப் பரிசோதகர் வந்து ஒவ்வொரு குட்டியின் வாயையும் திறந்து பார்த்தார். நல்லவேளை, ஒன்றுக்கும் கோணலில்லை.

"எல்லாத்துக்கும் தகப்பன் பெரிய கிடாதானேம்மா?"

"ஆமா சார்." சொல்லும்போது அவளுக்கு வாய்கூடக் கூசவில்லை. அவ்வளவு ஆசை, போய்விட வேண்டுமென்று.

"இவ்வளவு சுத்தமான புத்தகத்தை நான் பார்த்ததே இல்லைங்க," என்று கையெழுத்துப் போட்டார் அவர்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பன்னிரண்டுக்குப் பன்னிரண்டா! இப்படி அமைஞ்ச வருஷத்துல எவனாவது மந்தையை விப்பானா? அந்தப் பண்ணைக்காரர்கிட்ட இல்லேன்னு சொல்லிடும்மா."

"அப்பா, நீங்கதானே சொன்னீங்க..."

"சொன்னேன்தான். இப்படி அமையும்னு கனவா கண்டேன்?"

உண்மையைக் கக்கிவிடலாமா? கக்கினால் பதிவு போச்சு, வாங்க வந்தவரும் போச்சு, அப்பா முகத்தில் முழிக்கவும் முடியாது. கக்காவிட்டால்? எந்தக் குட்டியின் உடம்பில் கோணல் ரத்தம் ஒளிந்து ஓடுமோ என்று சந்தேகப்பட, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் சத்தமில்லாமல் விலக்கி வைக்க, இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். ஐயோ, தன் தலையெழுத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டாளே!

"அச்சகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிடும்மா," என்றார் அப்பா. "பாவம், உனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க."

"சரிப்பா," என்றாள்.

"வாழ்த்துகள்மா!" என்று பரிசோதகர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.